ஆன்டி-ஸ்டேடிக் ரப்பர் மேட்: கழுவலாமா, பழுது பார்க்கலாமா, மாற்றலாமா?

தேவகோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். பேச்சு, நிலை மின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருக்க வேலை மேசையில் விரிக்கும் ரப்பர் மேட்டைப் பற்றி. "அண்ணே, மேட்டு வெளுத்துப்போச்சு. அங்கங்க சுட்ட தழும்பு வேற. புதுசு வாங்கிரவா, இல்ல இதையே ஓட்டலாமா?"

இதே கேள்வி பள்ளத்தூரிலிருந்தும் வந்தது, கானாடுகாத்தானிலிருந்தும் வந்தது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மேட்டிலிருந்து எர்த்துக்குப் போகிற வயரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" உடனே "வயரா?" என்பார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். காரைக்குடியில் இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். போர்டு வேலை செய்பவன். ஒரு முறை தழும்பைப் பார்த்துப் பயந்து நல்ல மேட்டைக் குப்பையில் போட்டேன். அடுத்து வாங்கியது பார்க்கப் பளபளவென்று இருந்ததால், அதன் வயர் உள்ளே அறுந்துபோனது தெரியாமல் மாதக்கணக்கில் அதன் மேல் போர்டு பார்த்தேன். இரண்டு தவறுக்கும் காரணம், மேட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ததுதான்.

## உங்களிடம் இருப்பது ஆன்டி-ஸ்டேடிக் மேட்தானா?

இதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் கேட்பவர்களில் சிலரிடம் இருப்பது வேறு பொருள்.

பேனல் போர்டுக்கு முன்னால் தரையில் விரிக்கிற தடித்த ரப்பர் பாய், ஐ.எஸ். 15652 தரத்தில் வருவது, மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகாமல் தடுப்பதற்கானது. ஆன்டி-ஸ்டேடிக் மேட்டின் வேலை அதற்கு நேர் எதிர்: உடம்பிலும் போர்டிலும் சேர்ந்த நிலை மின்சாரத்தை நிதானமாகத் தரைக்கு இறக்கிவிடுவது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஆபத்து.

செல்போன் கடைகளில் இன்னொரு பொருள் உண்டு. ஸ்க்ரூ போட்டு வைக்கக் குழி குழியாக இருக்கும் நீல நிற சிலிக்கான் மேட். சூட்டுக்கு அருமையாகத் தாங்கும். ஆனால் பெரும்பாலானவை வெறும் மின்காப்புப் பொருள். எர்த் வயர் மாட்ட டிச் பட்டனே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். இவற்றைப் பழுது பார்ப்பது பற்றிப் பேசவே வேண்டாம், நேராக மாற்றும் பகுதிக்குப் போய்விடலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வழக்கமான ரப்பர் மேட் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். அதில் இரண்டு அடுக்கு. மேலே பச்சையோ நீலமோ சாம்பலோ உள்ள மெல்லிய அடுக்கு மின்சாரத்தை மெதுவாக விடும். கீழே உள்ள கறுப்பு அடுக்கு வேகமாகக் கடத்தும். மூலையிலுள்ள டிச் பட்டன் அந்தக் கறுப்பு அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து வயர், வயருக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர், கடைசியில் எர்த். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மேட் வெறும் மேசை விரிப்புதான்.

மின்தடை. மேட்டின் மேற்பரப்பு 10 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில், அதாவது 1 முதல் 1000 மெகா ஓம் வரை இருக்க வேண்டும். மேல் வரம்பைத் தாண்டினால் மின்னூட்டம் இறங்காது. ரொம்பக் குறைந்தாலும் தப்பு. அப்போது மின்னூட்டம் ஒரே அடியாகப் பாயும், சப்ளை கொடுத்த போர்டை வைத்தால் ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு.

எர்த் வரை தொடர்ச்சி. மேட் நன்றாக இருந்து பட்டனோ வயரோ செத்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்தது.

சேதத்தின் ஆழம். வெளுப்பது சேதமே இல்லை. சால்டரிங் அயர்ன் தொட்ட பழுப்புத் தழும்பு மேலடுக்கிலேயே நின்றிருந்தால் கவலையில்லை. தழும்புக்குள் கறுப்பு தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ரப்பரின் உயிர். ஓரத்தை ஒரு பென்சிலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தால் ரப்பர் முற்றிவிட்டது. கை ஒட்டிக்கொண்டால் ஏதோ கரைப்பான் அதைத் தின்றிருக்கிறது.

மேட்டின் மேல் வைப்பது என்ன. பழைய எமர்ஜென்சி விளக்கு போர்டும் ஐபோன் லாஜிக் போர்டும் ஒன்றல்ல. நமக்குச் சுரீரென்று உறைப்பதற்கே நிலை மின்சாரம் சுமார் 3000 வோல்ட் இருக்க வேண்டும். நுணுக்கமான ஐ.சி.க்களில் (சிப்களில்) சில, 100 வோல்ட்டுக்குள்ளேயே அடிபடும். அதனால்தான் "எனக்கு ஷாக்கே அடிக்கல, அப்புறம் என்ன?" என்ற வாதம் செல்லாது. பாதி அடிபட்ட ஐ.சி. அன்றைக்கு வேலை செய்து, மூன்று வாரம் கழித்து ரிட்டர்ன் வரும். நாம் சரக்கு மட்டம் என்று ஸ்பேர் கடைக்காரரைத் திட்டுவோம்.

## அளக்காமல் வேலைக்காகாது

சாதாரண மல்டிமீட்டர் 2 மெகா ஓமிலோ, 20 அல்லது 40 மெகா ஓமிலோ நின்றுவிடும். ஆகவே அதன் இரண்டு முனையையும் மேட்டில் குத்தி, "ரீடிங் வரல, மேட்டு போச்சு" என்று சொல்வது மீட்டர் மேல் இருக்கும் பாசம்தான். மல்டிமீட்டர் வயரைச் சோதிக்கத்தான் பயன்படும். பட்டன் முனையிலிருந்து எர்த் முனை வரை ஏறத்தாழ 1 மெகா ஓம் காட்டினால் வயர் நலம். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. ஒரு முனையை அசைத்துக்கொண்டே பாருங்கள், பாதி அறுந்தது அப்போதுதான் தெரியும்.

மேட்டை அளக்க மேற்பரப்பு மின்தடை மீட்டர் வேண்டும். முறைப்படி, ஒவ்வொன்றும் 2.27 கிலோ எடையும் 63.5 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள இரண்டு உருளைகளை மேட்டின் மேல் வைத்து, 10 அல்லது 100 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். ஒரு கடைக்கு இதை வாங்குவது கட்டுபடியாகாது. நாலைந்து கடைகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம், அல்லது எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் கல்லூரியில் தெரிந்த ஆசிரியர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

அதுவும் இல்லையென்றால் தோராயத்துக்கு ஒரு வழி. 100 வோல்ட் அளவீடு உள்ள டிஜிட்டல் இன்சுலேஷன் டெஸ்டரும் (மின்காப்பை அளக்கும் மீட்டர்), பழைய மளிகைக்கடையின் 2 கிலோ எடைக்கற்கள் இரண்டும். கல்லின் அடியில் அலுமினிய ஃபாயில். மேட்டில் போர்டு எதுவும் இருக்கக் கூடாது, அளக்கும்போது கை படக் கூடாது. எலெக்ட்ரீஷியன்களிடம் இருக்கும் 500 வோல்ட் மெக்கர், அதுவும் இன்சுலேஷன் டெஸ்டர்தான், இதற்கு வேண்டாம். அதில் நிஜத்தைவிடக் குறைந்த அளவு வரலாம், நாமும் பாஸ் என்று நம்பிவிடுவோம்.

இரண்டு விதமாக அளக்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒன்று, கல்லுக்கும் எர்த்துக்கும் இடையே இன்னொன்று.

முதலாவது சரி, இரண்டாவது தப்பு என்றால் கோளாறு பட்டனிலோ வயரிலோ எர்த்திலோ இருக்கிறது. மேட்டைத் தொடாதீர்கள். இரண்டுமே தப்பு என்றால் கழுவிக் காயவைத்து மறுபடி அளங்கள். இரண்டாவது அளவு 1 மெகா ஓமுக்கும் கீழே வருகிறதென்றால், யாரோ ரெசிஸ்டரைத் தவிர்த்து வெறும் வயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

அளக்கும் காலமும் முக்கியம். ஐப்பசி மழையில், காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது, சாகக் கிடக்கும் மேட்கூடப் பாஸாகும். பங்குனி, சித்திரை நடுப்பகலில் அளங்கள். ஏ.சி. அறை என்றால் ஏ.சி. ஓடி இரண்டு மணி நேரம் ஆன பிறகு. அளவைத் தேதியோடு மேட்டின் அடியில் எழுதி வையுங்கள். போன வருடம் 50 மெகா ஓம் இருந்தது இந்த வருடம் 500 ஆகியிருந்தால், இன்னும் வரம்புக்குள்தான். ஆனால் அது போகிற திசை தெரிந்துவிட்டது.

## முதல் வழி: கழுவி, எர்த்தைச் சரிசெய்வது

சால்டரிங்கில் பயன்படும் ஃப்ளக்ஸின் பிசுக்கு, கை எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து மேட்டின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்துவிடும். அடியில் ரப்பர் உயிரோடு இருந்தாலும் மேலே அந்தப் படலம் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதற்கென்று விற்கும் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மிதமான சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு நிழலில் ஒரு ராத்திரி.

ஐ.பி.ஏ.வை (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) துணியில் தொட்டு ஃப்ளக்ஸ் கறையை மட்டும் எடுக்கலாம். தினமும் முழு மேட்டையும் அதால் குளிப்பாட்ட வேண்டாம், அதிலும் வினைல் (பிளாஸ்டிக்) மேட் என்றால் விறைத்துப்போகும். தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது. கார் டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் இன்னும் மோசம். மேட் புதிதுபோல மின்னும், சிலிக்கான் படலம் ஒட்டி வேலை நின்றுவிடும்.

காலடியில் தரையில் விரிக்கும் ஆன்டி-ஸ்டேடிக் மேட்டுக்கு நம் ஊர்க் கதை ஒன்று. ஆத்தங்குடிக் கல் பளபளக்கத் தண்ணீரில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வீட்டு முகப்பைக் கடையாக்கியிருப்பவர்கள் அந்த ஈரத்திலேயே மேட்டை விரித்துவிடுகிறார்கள். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். காலில் ஒட்டி வரும் எண்ணெய் மேலேயும் படலமாகும். மேட் போடும் இடத்தை வெறும் தண்ணீரில் துடைக்கச் சொல்லுங்கள்.

இதன் மறைமுகச் செலவு எர்த்தில் இருக்கிறது. பழைய வீடுகளில் இரண்டு பின் பிளக் பாயிண்ட்தான் இருக்கும். மூன்று பின் இருந்தாலும் எர்த் துளைக்குப் பின்னால் வயர் இருக்கும் என்று நிச்சயமில்லை. என் பழைய கடையில் ஒரு எலெக்ட்ரீஷியன் நியூட்ரலை வளைத்து எர்த்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் மேசை முழுக்கக் கரண்ட். மேட் வயரில் 1 மெகா ஓம் இருந்தால் 230 வோல்ட்டுக்கு 0.23 மில்லி ஆம்பியர்தான் பாயும், உயிருக்குப் பயமில்லை. ஆனால் அதே எர்த்தில் இருக்கும் சால்டரிங் ஸ்டேஷனின் உலோக உடம்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேட்டுக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைப் பார்த்துவிடுங்கள். எர்த் குழி கோடையில் காய்ந்துகிடந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகத்துக்கு 1948-ல் அடிக்கல் நாட்டிய ஊர் எங்கள் காரைக்குடி. எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் இங்கே லேப்டாப் ரிப்பேர் நடக்கிறது!

எப்போது இது போதும்? கழுவியபின் அளவு வரம்புக்குள் வந்து, ஒரு மாதம் கழித்தும் அங்கேயே நின்றால். வந்து மறுபடி மறுபடி ஏறினால் பிரச்சினை அழுக்கில் இல்லை.

## இரண்டாம் வழி: பழுது பார்ப்பது

பழுது என்றால் இங்கே நான்கு காரியம்தான்: வயர் மாற்றுவது, பட்டன் மாற்றுவது, சேதமான ஓரத்தை வெட்டுவது, மேட்டை அரைச் சுற்றுத் திருப்பிப் போடுவது.

வயருக்குப் புது வயரே வாங்குங்கள். அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவதில் ரெசிஸ்டர் வெளியே போய்விடும் அபாயம் உண்டு. பட்டன் தளர்ந்திருந்தால் அதே ஓட்டையில் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிப் புது இடம் பாருங்கள். கறுப்பு அடுக்கை அழுத்திப் பிடிக்கும்படி வாஷரோடு மாட்ட வேண்டும். மேலடுக்கை மட்டும் கவ்வும் பட்டன் வேடிக்கைக்குத்தான்.

மேட் தேய்வது எப்போதும் நம் முழங்கை படும் முன்பக்கம். அங்கே கறுப்பு தெரிந்தால், அந்த நான்கு விரல் அகலத்தை நேராக வெட்டிவிடலாம். அல்லது மேட்டை அரைச் சுற்றுத் திருப்பி, தேய்ந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் தள்ளி, பட்டனை இடம் மாற்றலாம். இந்தத் திருப்பலில் மேட்டின் ஆயுள் கணிசமாக நீளும், செலவு ஒரு பட்டன். சுருண்ட ஓரத்துக்கு அடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டலாம். மின்சாரம் பட்டன் வழியாகத்தான் போகிறது, மேசை வழியாக அல்ல.

செய்யக் கூடாதவை மூன்று. தழும்பின் மேல் பி.வி.சி. டேப் ஒட்டுவது முதலாவது. டேப்பே நிலை மின்சாரத்தை உண்டாக்கும் பொருள், அதைக் கொண்டுவந்து போர்டுக்கு அடியில் ஒட்டுகிறோம். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனும் ட்யூப் துண்டும் வைத்து ஒட்டுவது அடுத்தது. அந்த ஒட்டு மின்னூட்டம் இறங்க வழியில்லாத ஒரு தீவு. மேல் தேய்ந்துவிட்டதே என்று மேட்டைக் குப்புறப் போடுவது மூன்றாவது. கறுப்புப் பக்கம் கடத்தி. சப்ளை கொடுத்த போர்டை அதன் மேல் வைத்தால் புகை வரலாம்.

பழுதின் மறைமுகச் செலவு நேரம் அல்ல, நம்பிக்கை. ஒட்டி வைத்த ஒன்றைச் சரியாகிவிட்டது என்று நினைத்து, பிறகு அளக்காமல் விட்டுவிடுவோம். பழுது பார்த்தால் அன்றே அளக்க வேண்டும்.

## மூன்றாம் வழி: மாற்றுவது

கழுவிக் காய்ந்தபின்னும் மேற்பரப்பு 1000 மெகா ஓமைத் தாண்டினால், அடுக்குகள் பிரிந்தால், வளைத்தால் வெடித்தால், கை ஒட்டினால், நடுவிலேயே பல இடத்தில் கறுப்பு தெரிந்தால் மாற்றுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை.

புது மேட்டின் விலை மட்டும் செலவல்ல. சில மேட்டோடு வயரும் பட்டனும் வராது. ரோலாக வந்த மேட் படிய ஒரு நாளாவது வேண்டும், அதுவரை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். நிறம் மட்டும் பச்சையாக இருக்கும் வெறும் ரப்பரும் சந்தையில் உண்டு என்பதால், வந்த அன்றே கழுவி அளந்து, தப்பென்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்ப வேண்டும். சர்வீஸ் மேசைக்கு வினைலைவிட ரப்பர் மேல், அயர்ன் பட்டால் உடனே உருகாது. ஒரே தெருவில் மூன்று நான்கு கடைகள் இருந்தால் 10 மீட்டர் ரோலாக வாங்கி வெட்டிக்கொள்வது லாபம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கழுவி எர்த் பார்ப்பது | பழுது | மாற்றுவது |
|---|---|---|---|
| கைச்செலவு | மிகக் குறைவு | பட்டன், வயர் அளவு | மூன்றிலும் அதிகம் |
| மேசை நிற்கும் நேரம் | ஒரு ராத்திரி | ஒரு மணி நேரம் | ஒரு நாள் |
| மறைமுகச் செலவு | எர்த் வேலை | அளக்காமல் நம்புவது | போலிச் சரக்கு, தனி வயர் |
| பொருந்தும் இடம் | பிசுக்கு, வெளுப்பு, மேல் தழும்பு | வயர், பட்டன், முன் ஓரத் தேய்வு | முற்றிய ரப்பர், அடுக்கு பிரிதல், வரம்பு தாண்டிய மின்தடை |
| பொருந்தாத இடம் | வெடித்த ரப்பர் | நடு மேட்டில் ஓட்டை | வயர் மட்டும் அறுந்தபோது |

அட்டவணையில் அடங்காத ஒன்று. எல்லை அளவில் நிற்கும் மேட், 700 அல்லது 800 மெகா ஓம், என்ன செய்வது? இன்வெர்ட்டர் போர்டு, எல்.இ.டி. டிரைவர் பார்ப்பவராக இருந்தால், ரிஸ்ட் ஸ்ட்ராப்பை (மணிக்கட்டை எர்த்தோடு இணைக்கும் பட்டை) ஒழுங்காகக் கட்டிக்கொண்டு அடுத்த கோடை வரை ஓட்டுவேன். செல்போன் லாஜிக் போர்டும் லேப்டாப் மதர்போர்டும் பார்ப்பவராக இருந்தால் இப்போதே மாற்றுவேன். ஒரு மதர்போர்டு ரிட்டர்ன் வந்தால் ஆகும் செலவு ஒரு மேட்டைவிட அதிகம், போன பெயர் தனி.

தரை மேட்டுக்கு இதே கணக்குதான், ஆனால் ஓரம் சுருண்டு கால் தடுக்கினால் அளவெல்லாம் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கழற்றிய பழைய மேட்டை "சும்மா விரிச்சுக்கலாம்" என்று பக்கத்து மேசையில் போட்டுவிடாதீர்கள். வேலை கற்க வரும் பையனுக்கு அது செத்த மேட் என்று தெரியாது. பட்டனைப் பிடுங்கிவிட்டு, டிரில் மெஷினுக்கு அடியில் போடுங்கள்.

தேவகோட்டைத் தம்பி அடுத்த நாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "வயருல ஒண்ணுமே காட்டல அண்ணே." புது வயர் வாங்கிக்கொண்டு, மேட்டையும் சுருட்டி எடுத்து வந்தார். கழுவிக் காயவைத்து, எடைக்கல் வைத்து அளந்தோம். 90 மெகா ஓம். தழும்பெல்லாம் அப்படியே இருக்க, அடியில் தேதி எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.